‘இதுக்குள்ள யாரு இருக்கா?’

அவர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் எனக்கும் அவருக்கும் தகராறு வந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லுக்காக.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டு அமைப்பொன்றின் உதவியில் நடந்த சின்னத் தொண்டு நிறுவனம். கடலாடி, சிக்கல் பக்கத்துக் கிராமங்களில் வயல்வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம், மண்டபம் பக்கத்துப் பெண்களுக்குத் தையல் பயிற்சி, இப்படி இரண்டு மூன்று வேலைகள். இவற்றைப் பற்றி வருடத்துக்கு ஒரு முறை ஆங்கிலத்தில் ஓர் அத்தியாயம் எழுதி அனுப்ப வேண்டும். பல நாடுகளிலிருந்து வரும் அத்தியாயங்களைச் சேர்த்து அந்த அமைப்பு தடிமனான ஒரு புத்தகம் போடும். நாங்கள் அதைப் ‘பெரிய புத்தகம்’ என்போம். அதன் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து ஊர்களுக்கும் கொடுப்போம். நான் ஒருங்கிணைப்பாளர். அவர் மொழிபெயர்ப்பாளர்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. பார்த்ததற்கெல்லாம் பெயர் கேட்ட ஒருவரின் பெயரை விட்டுவிட்டு எழுதுவது சரியில்லைதான். ஆனால் அவர் இன்னும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தகராறுக்கு வருகிறேன். அந்த வருடத்துப் புத்தகத்தில் நாடுகளை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். வளர்ந்தவை, வளர்பவை, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வகை. அந்தக் கடைசி வகைக்குத் தமிழில் ‘வளர்ச்சி குன்றிய நாடுகள்’ என்று நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அவர் அதை அடித்துவிட்டு, அந்த நாடுகளின் பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். தாளின் முக்கால் பக்கம் பெயர்களாகவே இருந்தது.

இதை எப்படி அச்சடிப்பது என்று கேட்டேன். அவர் பேனா மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். யோசிக்கும்போது அவர் செய்கிற காரியம் அது.

“இதுக்குள்ள யாரு இருக்கான்னு நமக்கே தெரியலைன்னா, குன்றிப் போச்சுன்னு எப்படி சார் சொல்றது?” என்றார்.

நான் கோபப்பட்டேன். அது அமைப்பின் தலைமை அலுவலகம் கொடுத்த பிரிவு, அதை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை என்றேன். அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். மாலையில் பார்த்தால், நான் எழுதிய சொல்லை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பெயர்களை அடிக்குறிப்பாகச் சேர்த்திருந்தார். அதில் தப்புச் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

‘இதுக்குள்ள யாரு இருக்கா?’ என்ற அந்தக் கேள்வியை அடுத்த ஆறேழு வருடங்களில் அவர் வாயிலிருந்து நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. ‘தெற்காசியப் பெண்கள்’ என்று எழுதினால் கேட்பார். ‘கடலோரச் சமூகங்கள்’ என்றால் கேட்பார். ‘பயனாளிகள்’ என்ற சொல்லைக் கண்டால் முகமே மாறிவிடும். வேண்டுமென்றே வம்புக்குக் கேட்கிறவர் அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பார். கேட்ட பிறகு பதிலுக்குக் காத்திருப்பார். அவர் காத்திருப்பதுதான் எங்களுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

நல்ல உயரம். எப்போதும் ஒரு கறுப்புக் குடை. சிக்கலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மானாவாரியில் மிளகாயும் கொஞ்சம் நெல்லும் போடுகிற குடும்பம். கணவர் முதுகுளத்தூரில் உரக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். மதியம் தயிர்ச்சோற்றுக்கு உருண்டையான முண்டு மிளகாய் வத்தலை எண்ணெயில் பொரித்துக் கொண்டுவருவார். டப்பாவைத் திறந்தால் மாடி முழுக்க இருமல் கிளம்பும். நான் ஆர்.எஸ்.மங்கலத்துக்காரன், கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொரணை கொஞ்சம் மட்டு, தண்ணீர் கண்ட பூமி அல்லவா என்று என்னைக் கேலி செய்வார். அந்த வத்தலில் இரண்டை என் இலையில் வைத்துவிட்டுத்தான் கேலியைத் தொடங்குவார்.

தலைமை அலுவலகம் எங்களுக்கு ஒரு கையேடு அனுப்பியிருந்தது. எந்த நாட்டை எந்த வட்டாரத்தில் சேர்த்து எழுத வேண்டும், எந்த நாட்டை எந்த வளர்ச்சி நிலையில் வைக்க வேண்டும், எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் அவர் ஒருவர்தான். படித்ததோடு விடவில்லை. இணையத்தில் மற்ற அமைப்புகளின் பட்டியல்களையும் தேடி எடுத்து, கோடு போட்ட நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு ஒரு நாடாக எழுதி வைத்தார். ஈரான் ஒரு பட்டியலில் தெற்காசியாவில் இருந்தது. இன்னொன்றில் மத்திய கிழக்கில். மெக்சிகோவை ஒருவர் வட அமெரிக்காவில் வைத்தார், இன்னொருவர் லத்தீன் அமெரிக்காவில் வைத்தார். நாடு நகரவில்லை, எழுதுகிறவர்தான் நகர்கிறார் என்று அந்த நோட்டைக் காட்டிச் சொல்வார். அதில் அவருக்கு ஒரு குழந்தைத்தனமான சந்தோஷம் இருந்தது. புதிதாக ஒரு முரண்பாடு கிடைத்தால், கண்மாயில் மீன் பிடித்தவர் தூக்கிக் காட்டுவதைப் போல என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்.

‘மத்திய கிழக்கு’ என்ற சொல்லை அவர் கடைசிவரை எழுதவில்லை. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ துபாயிலோ இருந்தார். அவர்கள் விமானம் ஏறி மேற்கே போவது எல்லோருக்கும் தெரியும். ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கிழக்கு என்று எழுதினால், கீழே ஜவுளிக்கடையில் துணி எடுக்க வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டார். மேற்காசியா என்றே எழுதினார். இயக்குநர், கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அதை இரண்டு முறை திருத்தினார். மூன்றாம் முறை அவரும் விட்டுவிட்டார்.

ஒரு முறை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். மண்டபத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களோடு கூட்டம். வந்தவர் நல்ல மனுஷி. நீங்கள் எல்லாம் தெற்கு உலகத்தின் பெண்கள், வடக்கு உலகம் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உருக்கமாகப் பேசினார். நம் மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார். பெண்களுக்குத் தாங்கள் தெற்கத்தி ஆட்கள் என்பதில் சந்தேகம் இல்லை. வடக்கு என்றால் தொண்டியா, அதற்கும் அங்கிட்டா என்று ஒருத்தி கேட்டாள். இவர் விளக்கினார்: பணக்கார நாடுகளுக்கு வடக்கு என்று பெயர், மற்றவற்றுக்குத் தெற்கு, பூமியின் தென்கோடியில் இருக்கிற ஆஸ்திரேலியாகூட அந்தக் கணக்கில் வடக்குதான். முன்னால் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர், “அப்ப அது தெசை இல்லத்தா. பந்தி” என்றார்.

அந்தப் பதிலை இவர் ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னார். யார் முதல் பந்தியில் உட்காருவது, யார் காத்திருப்பது என்கிற பழக்கத்தையும் சேர்த்து விளக்கினார். வந்த பெண்மணி சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எனக்குத்தான் பயமாக இருந்தது.

இதையெல்லாம் படித்தால் அவர் எப்போதும் சரியாகவே இருந்தார் என்று தோன்றும். அப்படி இல்லை. அவருடைய அந்தக் குணத்தால் ஒரு தடவை மற்றவர்களுக்கு நஷ்டம் வந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

மண்டபத்தில் தையல் பயிற்சிக்குப் பெயர் பதிந்துகொண்டிருந்தோம். இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருந்த பெண்கள் சிலரும் வந்தார்கள். படிவத்தில் ‘பூர்வீக நாடு’ என்று ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் அந்த நாட்டின் வகை என்று ஒரு கட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்திலேயே பிறந்தவர்கள். கையில் பிள்ளையோடு வந்த ஒருத்தி, நான் பார்த்ததே இல்லாத ஊரை என் ஊர் என்று எப்படிச் சொல்வது, இந்த ஊரைச் சொன்னால் ஒப்புக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறாள். இவர் அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டார். அவளுக்கு மட்டுமல்ல, அன்றைக்கு வந்த முகாம் பெண்கள் எல்லோருக்கும்.

காலிக் கட்டம் உள்ள படிவங்களைத் தலைமை அலுவலகத்துக் கணினி ஏற்கவில்லை. திரும்பி வந்தபோது பதிவு முடிந்திருந்தது. அந்த வருடம் முகாம் பெண்கள் ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை.

செய்தி சொல்ல நானும் அவரும்தான் மண்டபம் போனோம். கையில் பிள்ளையோடு வந்த அந்தப் பெண் எங்களை உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு அவரைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

“எனக்காகத்தான் செஞ்சனீங்கள். எனக்கு விளங்குது அக்கா. ஆனா என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஏதாவது ஒண்டை எழுதச் சொல்லியிருப்பன். எனக்கு மெஷின்தான் வேணும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் உச்சிப்புளியைத் தாண்டியது. பிறகு, அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட நான், அவள் விருப்பத்தைக் கேட்கவில்லையே என்று மட்டும் சொன்னார். அடுத்த வருடம் பதிவு வந்தபோது அவரே போய், ஒவ்வொருவரிடமும் என்ன எழுதட்டும் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதினார். அவருக்கு அதில் உடன்பாடு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எழுதினார். அந்தப் பெண்ணுக்கு அந்த முறை இடம் கிடைத்தது.

இதற்கு ஒரு வருடம் கழித்துத்தான் அந்தக் கடிதம் வந்தது.

தலைமை அலுவலகத்தின் பட்டியலில் நம் நாடு ஒரு படி மேலே போய்விட்டது. ‘குறைந்த வருமானம்’ என்ற வரிசையிலிருந்து நடுத்தர வருமான வரிசைக்கு. அந்த அமைப்பின் விதிப்படி, நடுத்தர வரிசைக்குப் போன நாட்டில் பிள்ளைக் காப்பகங்களுக்கு உதவி கிடையாது. ஆறு மாதத்தில் எல்லாக் காப்பகங்களையும் மூட வேண்டும். கடிதம் வாழ்த்தோடு தொடங்கியிருந்தது.

மூட வேண்டியவற்றில் ஒன்று அவருடைய ஊருக்கு அடுத்த ஊரில் இருந்தது. அந்தப் பக்கத்தில் அது பெரிய காரியம். மிளகாய்ப் பழம் எடுக்கும் பருவத்தில் பெண்கள் விடிந்ததும் மிளகாய்க் காட்டுக்குப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் கைப்பிள்ளைகளை வரப்போரம் சீமைக்கருவை நிழலில் சேலையை விரித்துப் போட்டுவிட்டு வேலை பார்ப்பார்கள். மிளகாய் காந்துகிற கையோடு பிள்ளையைத் தூக்கக்கூட முடியாது. நாங்கள் காப்பகம் தொடங்குவதற்கு முந்தைய வருடம், அப்படிப் போட்டிருந்த ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோயிற்று. அந்தத் தாயைத்தான் காப்பகத்தில் சமையலுக்கு வைத்திருந்தோம். ஊரில் அதைக் காப்பகம் என்று யாரும் சொல்வதில்லை. பால்வாடி என்பார்கள்.

கடிதத்தை அந்த ஊரில் போய்ச் சொல்ல வேண்டும். இயக்குநருக்கு அதை எப்படியாவது இனிப்பாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. கோயில் முன்னால் கூட்டம் போட்டதும், நம் நாடு முன்னேறிவிட்டது, உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது, இது நமக்குப் பெருமை என்று அவர் தொடங்கினார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கடிதத்தைத் தமிழில் வாசிக்க இவரைக் கூப்பிட்டார்.

இவர் கடிதத்தை வரிக்கு வரி வாசித்தார். வாழ்த்தையும் விடவில்லை. வாசித்து முடித்ததும், நாடு மேலே போனதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அதற்கு இவர் சொன்ன விளக்கத்தை நான் பிறகு எத்தனையோ கூட்டங்களில் திருப்பிச் சொல்லியிருக்கிறேன்.

“இந்த ஊர்ல பத்து ஏக்கர்காரர் ஒருத்தரு, நிலமே இல்லாதவுக நாலு பேருன்னு வச்சுக்கங்க. பத்தையும் அஞ்சு பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு ரெண்டு ஏக்கர். உடனே, இந்த ஊர்ல நிலமில்லாத ஆளே இல்லைன்னு எழுதிக்கிருவாக. அம்புட்டுத்தான்.”

காப்பகத்தில் சமைக்கும் அந்தத் தாய் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசாதவள்.

“அந்த ரெண்டு ஏக்கர் எங்கன இருக்கு? என்னோடதுன்னா காட்டச் சொல்லுங்க” என்றாள்.

ஒரு பெரியவர், செடி வளர்ந்துவிட்டது என்று காய்க்கிற நேரத்தில் தண்ணீரை நிறுத்துகிறவனை விவசாயம் தெரிந்த சம்சாரி என்று சொல்ல முடியுமா என்று பொதுவாகக் கேட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார்.

இயக்குநர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இவர் ஜீப்புக்கு வரவில்லை. கோயில் படியில் உட்கார்ந்து, பதில் எழுதப் போகிறேன், என்ன எழுதட்டும் என்று ஒவ்வொரு பெண்ணாகக் கேட்டார். மண்டபத்தில் கற்றுக்கொண்டதை அவர் மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொருத்தியும் தன் பெயரையும் ஒரே ஒரு வாக்கியத்தையும் சொன்னாள். சிலது கோபமாக இருந்தது. சிலது நன்றி. ஒருத்தி, என் மகள் அங்கே போய்த்தான் பேசவே ஆரம்பித்தாள் என்று எழுதச் சொன்னாள். சமைக்கிற அந்தத் தாய், இறந்துபோன தன் பிள்ளையின் பெயரை எழுதச் சொன்னாள். இவரும் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கேட்டார்.

அத்தனையையும் ஆங்கிலத்தில் எழுதி எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். அந்த வருடத்துப் பெரிய புத்தகத்தில் நம் அத்தியாயமாக இதைத்தான் போட வேண்டும் என்றார். கையேட்டின் ஒரு பக்கத்தையும் திறந்து காட்டினார். இந்தப் பிரிவுகள் வசதிக்காக மட்டுமே, எந்த நாட்டைப் பற்றிய தீர்ப்பும் அல்ல என்ற பொருளில் அங்கே ஒரு குறிப்பு இருந்தது.

“தீர்ப்பு இல்லைங்கிறாக. தண்டனை மட்டும் வந்துருச்சே சார்” என்றார்.

அதை அனுப்ப இயக்குநர் கையெழுத்துப் போட மறுத்தார். நான் போட்டேன். அதை நினைத்து அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. அவரும் நன்றி சொன்னார். ஆனால் அதற்கு அடுத்து நடந்தது அவருக்குத் தெரியாது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

புத்தகத்தைத் தொகுப்பவரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. மிகவும் நெகிழ்ந்துவிட்டதாகவும், ஆனால் இத்தனை பெயர்களுக்குப் புத்தகத்தின் அமைப்பில் இடம் இல்லை என்றும், எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதால் சுருக்கிக்கொள்ள அனுமதி வேண்டும் என்றும் எழுதியிருந்தார். அந்தச் சமயத்தில் நான் அதே அமைப்பின் டெல்லி அலுவலகத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். இங்கே மூடப்போகிறார்கள், எனக்கும் குடும்பம் இருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். ‘சுருக்கிக்கொள்ளலாம்’ என்று நானே பதில் அனுப்பிவிட்டேன்.

புத்தகம் வந்தது. நம் அத்தியாயம் ஒரு வாக்கியமாக இருந்தது. தெற்காசியாவின் நடுத்தர வருமான நாடு ஒன்றில் ஊரகப் பெண்கள் உதவி நிறுத்தம் குறித்துக் கவலை தெரிவித்தனர். நாட்டின் பெயர்கூட இல்லை.

அவர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்குள் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து நான் பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தார். மதியச் சாப்பாட்டின்போது என் இலையில் வழக்கம்போல வத்தலை வைத்தார். அன்றைக்குக் கேலி ஒன்றும் செய்யவில்லை.

பருவம் முடிந்ததும் காப்பகங்கள் மூடப்பட்டன. அலுவலகத்தில் ஆள் குறைத்தார்கள். அவரும் போனார். எனக்கு டெல்லியில் வேலை கிடைத்தது.

அதன் பிறகு அங்கே நடந்ததை நான் கேள்விப்பட்டதுதான். அவர் அந்தப் பெண்களின் பட்டியலைத் தமிழில் திருப்பி எழுதி, ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு, ஊருக்கு அரசு அங்கன்வாடி வேண்டும் என்று திங்கட்கிழமை மனுக் கொடுக்கும் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் போயிருக்கிறார். அங்கே பெயர் இல்லாத மனுவுக்கு மதிப்பில்லை. பெயரும் ஊரும் கையெழுத்தும் இருந்தால் வாங்கி எண் போட்டுக் கொடுப்பார்கள். ஒரு திங்கள் அல்ல, பல திங்கள்கள். பெண்கள் முறைவைத்து அவரோடு பஸ் ஏறினார்கள். அடுத்த பழம் எடுக்கும் பருவம் அங்கன்வாடி இல்லாமலே கழிந்தது. அதற்கும் அடுத்த பருவத்துக்கு முன்னால் ஊருக்கு அங்கன்வாடி வந்துவிட்டது. சமையலுக்கு அதே தாயை எடுத்துக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்று நான் ஊர் திரும்பிய பிறகு, ஒரு நாள் காலையில் ராமநாதபுரம் புது பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்திருந்தது. இப்போது வேலை ஒன்றும் இல்லை, காடு பார்த்துக்கொள்கிறேன் என்றார். மகள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போயிருக்கிறாள், நாடு கத்தார் என்றார். மேற்காசியா என்று நான் சொன்னேன். சிரித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். இத்தனை வருடம் மனதில் கிடந்ததை அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அந்தப் பெயர்களை எடுத்துவிடச் சம்மதம் கொடுத்தது நான்தான் என்றேன். காரணத்தையும் மறைக்கவில்லை.

அவர் டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கீழே வைத்தார்.

“தெரியும் சார். நீங்க போட்ட பதிலு ஆபீஸ் பொது மெயில்லதான கெடந்துச்சு. அன்னைக்கே பாத்துட்டேன்” என்றார்.

ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டு என்ன ஆகப்போகிறது, புத்தகம் அச்சாகிவிட்டது, உங்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அது இல்ல சார் வெசயம். அந்தப் பொம்பளைக எங்கிட்ட வந்து, எங்க பேரு பொஸ்தகத்துல வந்துருச்சான்னு கேட்டாக. வந்துருச்சுன்னு சொல்லிட்டேன். ஒவ்வொருத்தி பேரும் இருக்குன்னு சொல்லிட்டேன். அந்தத் தெம்புலதான் கலெக்டர் ஆபீசுக்கே வந்தாக. இன்னும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காக.”

ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் பொறுக்காதவர் அவர். அந்தப் பொய்யை இத்தனை வருடம் அவர் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சிக்கல் பஸ் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாரேன் சார் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

போன தை மாதம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். திரும்பும் வழியில் அந்த ஊரில் வண்டியை நிறுத்தினேன். அங்கன்வாடி வாசலில் அந்தத் தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வயதாகிவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தாள். உள்ளே பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் குடும்பம், பிள்ளைகள் எல்லாவற்றையும் விசாரித்தாள். பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சார், நீங்க அந்தப் பொஸ்தகத்தப் பாத்திருப்பீகள்ல? எம் பிள்ளை பேரு இருக்காம்ல அதுல?”

“இருக்கு தாயி” என்றேன்.

“தப்பில்லாமப் போட்டிருக்காகளா?”

“தப்பில்லாமப் போட்டிருக்காக” என்றேன்.